லண்டனில் சல்லிசாக நாடகம் பார்க்க

லெஸ்டர் ஸ்கொயரில் பாதாள ரயிலை விட்டு மேலே ஏறினால், திரும்பின பக்கமெல்லாம் ‘பாதி விலை டிக்கெட்’ போர்டுதான். நம்பாதீர்கள். அப்படி ஒரு கடையில் நுழைந்து ஒரு மியூசிக்கலுக்கு (பாட்டும் ஆட்டமுமாக நடக்கிற நாடகம்) விலை கேட்டேன். 72 பவுண்டாம். இருக்கை எந்த வரிசை என்று கேட்டால் ‘ஸ்டால்ஸ், நல்ல சீட்’ என்பதற்கு மேல் (ஸ்டால்ஸ் என்றால் தரைத்தள இருக்கைகள்) அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. நம் காசுக்கு ஏழாயிரத்துக்கு மேல்! வெளியே வந்து, அந்தத் தியேட்டருக்கே நடந்து போய் (தியேட்டர்கள் நிறைந்த இந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் எல்லாம் நடக்கிற தூரம்தான்) கவுண்டரில் விசாரித்தால் ஸ்டால்ஸ் 55 பவுண்டு. அதுவும் தள்ளுபடி இல்லாத முழு விலை. எதில் பாதியைச் சொல்கிறார்களோ!

அசல் தள்ளுபடிக் கடை அதே சதுக்கத்தில், பூங்காவை ஒட்டித் தனியாக நிற்கிற மணிக்கூண்டுக் கட்டடம். பெயர் டிகேடிஎஸ். லண்டன் தியேட்டர்காரர்களின் சங்கமே 1980-லிருந்து நடத்துகிறது. அன்றைக்கு எந்த நாடகம், என்ன விலை என்று திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஊரே பேசுகிற நாடகம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று கனவு காணவேண்டாம், இருக்கை மிஞ்சுகிற நாடகத்துக்குத்தான் பெரிய தள்ளுபடி, அதனால் சனிக்கிழமையை விட்டுவிட்டு வார நாளில் போனால்தான் லாபம். காசு நீட்டும் முன் ‘ரெஸ்ட்ரிக்டட் வியூவா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இங்கே பல தியேட்டர்கள் நூறு வருஷப் பழசு, தூணுக்குப் பின்னால் மாட்டினால் பாதி மேடைதான் தெரியும். மேல் மாடி மலிவுதான், ஆனால் படிகள் செங்குத்து, முட்டி மடக்க இடம் கிடையாது. அங்கே உட்கார்ந்து பார்த்த எனக்குக் கழுத்தை நீட்டியே இரண்டரை மணி நேரம் போனது. டுடேடிக்ஸ் என்ற செயலியிலும் அன்றன்றைக்குக் குறைந்த விலை டிக்கெட் விடுகிறார்கள், கை வேகம் இருந்தால் முயலலாம்.

சரி, வரிசையாக எல்லா வழியும் சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் குளோப் தியேட்டரைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் சப்பென்று ஆகிவிட்டது. தேம்ஸுக்குத் தென்கரையில், ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கை அப்படியே திரும்பக் கட்டி 1997-இல் திறந்தார்கள். 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் நாணல் கூரை வேய அனுமதி கிடைத்த முதல் கட்டடம் இதுதானாம். அந்தக் கூரை சுற்றியுள்ள மாடங்களுக்கும் மேடைக்கும் மட்டும்தான், நடு முற்றம் திறந்த வெளி. அங்கே 700 பேர் நின்றபடி பார்க்கலாம், டிக்கெட் 5 பவுண்டிலிருந்து! மழை வந்தால் நனைய வேண்டியதுதான், குடை விரிக்கக் கூடாது, தரையில் உட்காரவும் விடமாட்டார்கள். தொப்பி வைத்த மழைக்கோட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

சீக்கிரம் போய் முன்னால் நின்றதால் மேடை விளிம்பிலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டேன். ராஜா வேஷம் கட்டியவர் கூட்டத்துக்குள் புகுந்து என் தோளை இடித்துக்கொண்டுதான் மேடை ஏறினார், அவர் நெற்றி வியர்வை பவுடரில் கோடு போட்டு இறங்குவதுவரை தெரிந்தது. வெஸ்ட் எண்டில் எந்த விலை கொடுத்தாலும் இது கிடைக்காது.

கால் வலிக்கத்தான் செய்தது. அதற்காக மாடத்தில் இருக்கை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பல மடங்கு பணம் கொடுத்தாலும் அங்கே இருப்பது வெறும் மரப் பெஞ்சு, பெரும்பாலும் சாய்மானம் கிடையாது, போட்டு உட்காரும் குஷனுக்குத் தனியாக வாடகை வேறு.