வாக்குத்தத்த அட்டை

2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில், பல ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்த ஒரு பையன், பாளையங்கோட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்போது அவனுக்கு 24 வயது. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சிறிய அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். சூரிய உதயப் படத்தின்மேல், “நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்” என்ற 118ஆம் சங்கீதத்தின் வசனம் அச்சிடப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டின் புத்தாண்டு ஆராதனை முடிந்து, அந்த ஆண்டுக்குக் கர்த்தர் தரும் வாக்குறுதி என்று ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் வசன அட்டைகளில், தாம்பாளத்திலிருந்து அவனுடைய தாயார் எடுத்த வாக்குத்தத்த அட்டை அது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதமே சிறுநீரகக் கோளாறினால் அவர்கள் இறந்துபோனார்கள்.

“டீச்சர், இந்த வாக்குத்தத்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது?” என்று கேட்டான்.

அவனிடம் நான் அன்று சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அச்சகத்திலிருந்து வரும் தாள்களைக் கோடு பார்த்துக் கத்தரித்து அட்டைகளாக்கும் வேலையை எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள்தான் செய்துவந்தோம். 22 ஆண்டுகளாக அதில் நானும் ஒருத்தி. அந்த அட்டையை என் கையே வெட்டியிருக்கலாம். விசுவாசத்தில் தடுமாறுகிற ஒருவருக்கு ஆலோசனை சொல்லும் நிலை வேறு யாருக்கும் வரக்கூடும் என்பதால், நான் செய்த தவறுகளையும், பிறகு அவனோடு கடந்துவந்த வழியையும் எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதங்களில் நான் செய்தது ஏறக்குறைய எல்லாமே தவறு. அவன் கேட்டு வாய் மூடுவதற்குள், “அம்மாவுக்குக் கர்த்தர் பரலோகத்தில் பூரண சுகம் கொடுத்துவிட்டார்” என்றேன். சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான் என்ற யாக்கோபின் வசனத்தை, அவனைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். இரண்டு பக்கம் நிறைய வசன எண்களை எழுதிக் கொடுத்து, தினமும் ஒன்றைத் தியானிக்கச் சொன்னேன். அவனுடைய கேள்வி ஒன்றுதான். நான் கொடுத்த பதில்களோ நாற்பதுக்கு மேல் இருக்கும், அவற்றில் ஒன்றுகூட அவன் கேட்டதற்கான பதில் அல்ல. பிப்ரவரி இறுதியில் அவன் என் அழைப்புகளை எடுப்பதை நிறுத்திவிட்டான். ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்தியிருந்தான்.

அந்த லெந்து நாட்களில், அதாவது உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய தவக்காலத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் விழுந்த யோபுவின் புத்தகத்தை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். யோபுவின் சிநேகிதர்கள் மூவரும் வந்தவுடன் நல்லதையே செய்தார்கள். அவனுடைய துக்கம் மகா கொடியது என்று கண்டு, இரவுபகல் ஏழுநாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடுகூடத் தரையிலே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாய் திறந்து தேவனுக்காக வாதாடத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபங்கொள்வது, தம்மிடம் நேருக்கு நேர் முறையிட்ட யோபுவின்மேல் அல்ல. “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” என்று அந்த சிநேகிதர்களிடந்தான் சொல்கிறார். இந்தப் பகுதியை நான் பிள்ளைகளுக்குப் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்குத்தான், அந்தப் பையனிடம் நான் அவ்வளவு அவசரப்பட்டதன் காரணம் எனக்குப் புரிந்தது. அவனுடைய கேள்வி நியாயமானது என்று ஒப்புக்கொண்டால், நான் வெட்டிக் கொடுத்த அத்தனை அட்டைகளுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பயத்தில் நான் என்னையே காத்துக்கொண்டிருந்தேன்.

உயிர்த்தெழுதல் பண்டிகை முடிந்த பின் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். கையில் வேதாகமம் கொண்டுபோகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, “அந்த அட்டைகளை வெட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி, தம்பி. அந்த வசனம் அம்மாவின் உடல்நிலையைப் பற்றிய உறுதிமொழி என்று நினைக்கும்படி நாங்கள் கொடுத்தது தவறு. என்னை மன்னித்துக்கொள்” என்றேன். அவன் வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய்க் கடுங்காப்பி போட்டு எடுத்துவந்தான். அதன் பின்னர்தான் பேசினான்.

செவ்வாயும் வெள்ளியும் அவனுடைய தாயாருக்கு டயாலிசிஸ் நாட்கள். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டு, அவன்தான் பைக்கில் அழைத்துப்போவான். திரும்பும்போது அவர்கள் களைப்பில் சரிந்துவிடாதபடி, தங்கள் சேலைத் தலைப்பை அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்களாம். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு ஜெபக்குழுவைச் சேர்ந்தவர், “அற்புதம் நடந்திருக்க வேண்டியது, வீட்டில் யாரோ ஒருவருடைய அவிசுவாசம் தடையாக நின்றுவிட்டது” என்று சொல்லியிருக்கிறார். அவர் யாருடைய பெயரையும் சொல்லாவிட்டாலும், மருத்துவமனைக்குப் போவதே விசுவாசக் குறைவு என்று அந்த ஜெபக்குழுவில் பேசிவந்ததால், அது தன்னைக் குறித்துச் சொல்லப்பட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான். ஏறக்குறைய எட்டு மாதங்களாக யாரிடமும் சொல்லாமல் இதைச் சுமந்திருந்திருக்கிறான். என்னிடம் முதல் நாள் அட்டையைக் காட்டியபோது, இதைத்தான் கேட்க வந்திருக்கிறான். நான் கேட்க விடவில்லை.

அன்று நான் அவனுக்கு ஒரே ஒரு காரியத்தைத்தான் உறுதியாகச் சொன்னேன். அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போனது அன்பு. அதைப் பாவம் என்று சொல்வதற்கு யாருக்கும் அதிகாரமில்லை. மற்றக் கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியாது என்றும், செவ்வாய்தோறும் வருகிறேன் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். செவ்வாயைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அந்த நாளின் மாலை வேளையை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று அவனே சொன்னான்.

சில வாரங்களில் அவனுடைய அறிவுசார்ந்த கேள்விகள் வெளியே வந்தன. அந்த ஜெபக்குழுவினர் தாயாரின் கட்டிலைச் சுற்றி நின்று அடிக்கடி அறிக்கையிட்ட வசனம் மாற்கு 16:18: “வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது அவர்கள் சொஸ்தமாவார்கள்.” அந்த வசனத்தைப் பற்றி இணையத்தில் தேடியபோது, மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்தப் பகுதியே இல்லை என்று கண்டிருக்கிறான். “அம்மா சாகும்வரை பிடித்துக்கொண்டிருந்த வசனமே பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்றால், மீதியை எப்படி நம்புவது?” என்றான். இதெல்லாம் விரோதிகள் கட்டிவிட்ட கதை, இணையத்தைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. சொல்லாமல், விசாரித்து வருகிறேன் என்றேன்.

எங்கள் சேகரத்தின், அதாவது சபை வட்டாரத்தின், குருவானவர் ஐயா ஒன்றையும் மறைக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி ஆகிய இரண்டிலும் மாற்கு சுவிசேஷம் 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு, “அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்” என்று முடிகிறது. அதற்குப் பின்வரும் 12 வசனங்கள் மாற்கு எழுதியவை அல்ல என்பதே பெரும்பாலான வேத அறிஞர்களின் முடிவு. இறையியல் கல்லூரிகளில் இது சாதாரணமாகப் படிக்கிற பாடம் என்றார். நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, பிற்காலப் பிரதிகளை ஒட்டி வந்த கிரேக்க மூலத்தைப் பின்பற்றியதால் அந்த வசனங்கள் அதில் இருக்கின்றன. குருவானவர்கள் படித்த இந்தச் செய்தியைச் சபையார் ஒருபோதும் கேட்டதில்லை என்பது என்னை மிகவும் வருத்தியது. பிரசங்க பீடத்திலிருந்து அன்போடு சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய ஒன்றை, தாயை இழந்த பிள்ளை நள்ளிரவில் கைப்பேசித் திரையில் தனியாகக் கண்டுபிடிக்கும்படி விட்டுவிட்டோம்.

கேட்டதை அப்படியே அவனிடம் சொன்னேன். நோயாளிக்காக ஜெபிக்கும் வழக்கம் அந்த ஒரு வசனத்தின்மேல் மட்டும் நிற்கவில்லை, யாக்கோபு 5ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கேள்வியைச் சுலபமாக முடித்துவைப்பது நேர்மையாக இருக்காது. பிரதிகள் ஏராளமாகக் கிடைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட முடிவதால்தான் இந்த வேறுபாடே நமக்குத் தெரிகிறது என்று குருவானவர் சொன்ன விளக்கத்தை அவன் தலையசைத்துக் கேட்டுக்கொண்டான். அவன் முகம் தெளிந்தது அந்த விளக்கத்தினால் என்று நான் நினைக்கவில்லை. தான் கேட்டது கேட்கத்தகுந்த கேள்விதான் என்று சபையைச் சேர்ந்த ஒருவர் ஒப்புக்கொண்டதே அவனுக்குப் பெரிதாக இருந்தது.

இதற்கிடையில் அவன் மெலிந்துகொண்டே போனான். இரவில் இரண்டு மணி நேரத்துக்குமேல் தூக்கமில்லை, காலையில் எழுந்திருக்கவே மனமில்லை என்றான். அது விசுவாசப் பிரச்சினை மட்டும் அல்ல என்று தோன்றியதால், மனநல மருத்துவரிடம் போக வற்புறுத்தினேன். அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ அவன் கைப்பேசியில் நானே பதிந்து கொடுத்தேன். ஜெபத்தோடு இதையும் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. மருந்து தொடங்கி இரண்டு மாதங்களில் தூக்கம் வந்தது; கேள்விகள் அப்படியே இருந்தன, ஆனால் அவற்றைப் பற்றிப் பேசும்போது கை நடுங்குவது நின்றது.

வீட்டாரைச் சமாளிப்பது தனி வேலை. அவனுடைய பெரியம்மா, பிசாசின் கிரியை என்று சொல்லி முழு இரவு ஜெபத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். தகப்பனாரோ, ஊர் வாயை மூடுவதற்காகவாவது, ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தில் அவன் பங்குபெற வேண்டும் என்றார். “அண்ணாச்சி, அவன் மனசாட்சிக்கு விரோதமாக அந்த மேசைக்கு வரச்சொல்வது அவனுக்கும் நல்லதல்ல, மேசைக்கும் மரியாதையல்ல. அவன் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறான், அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்” என்றேன். அவர் தம் மனைவியை இழந்தவர் என்பதை நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம். அன்று அவரும் அழுதார்.

அந்த ஆண்டின் இறுதியில், எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை இருவருமாக வாசித்தோம். விசுவாசத்தினாலே சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்களும் வருகிற இடத்தில் பொதுவாகப் பிரசங்கங்கள் நின்றுவிடும். நாங்கள் அதைத் தாண்டி, வாதிக்கப்பட்டவர்களையும் வாளால் அறுப்புண்டவர்களையும் பற்றி வாசித்து, 39ஆம் வசனத்துக்கு வந்தோம்: “இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்.” அவன் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். “இந்த வசனத்தை எந்த வருஷமாவது அட்டையில் போட்டீர்களா, டீச்சர்?” என்று கேட்டான். இல்லை என்றேன். அந்த டிசம்பரில் அட்டை வேண்டாம் என்று சேகரக் கமிட்டியில் கேட்டுக்கொண்டேன், அவர்கள் சம்மதிக்கவில்லை. ஆனால் வெட்டும் வேலைக்கு நான் போகவில்லை.

2024 ஆகஸ்டில், தாயாரின் இரண்டாம் ஆண்டு நினைவு ஜெபம் அவர்கள் வீட்டில் நடந்தது. வேதபாடம் தானே வாசிப்பதாகவும், பகுதியையும் தானே தெரிந்துகொள்வதாகவும் சொல்லி, 88ஆம் சங்கீதத்தை எடுத்தான். அந்தச் சங்கீதத்தில் மற்றவற்றைப்போலக் கடைசியில் துதி வராது. “கர்த்தாவே, ஏன் என் ஆத்துமாவைத் தள்ளிவிடுகிறீர்? ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்?” என்ற வசனத்தில் அவன் குரல் சற்றுத் தடுமாறியது, ஆனால் நிறுத்தவில்லை. “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்ற கடைசி வரியை வாசித்துவிட்டு, தாயாரின் வேதாகமத்தை மூடி உட்கார்ந்தான். இன்னும் ஏதோ வரும் என்று உறவினர்கள் காத்திருந்தார்கள். குருவானவர் ஐயா உடனே எழுந்து பேசவில்லை. மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியம்மா எழுந்துபோய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அவன் இப்போதும் திருவிருந்துக்கு வருவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு தகப்பனாரோடு வந்து பின்வரிசையில் உட்காருகிறான். செவ்வாய்க்கிழமைகளில், அவன் கேட்டுக்கொண்டபடி, மாற்கு சுவிசேஷத்தை முதலிலிருந்து வாசித்துவருகிறோம். ஐந்தாம் அதிகாரத்தில், இறந்துபோன யவீருவின் மகள் இயேசுவின் சொல்லால் எழுந்திருக்கிற இடத்தில், அந்தச் சிறுபெண் எழுந்தாளே, அம்மா ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டான். மூன்று வாரங்களாக அந்த இடத்திலேயே இருக்கிறோம்.