பீங்கான் பிளேடுக்குக் காலில்தான் கண்டம்

கேஸ் டர்பைனுக்குப் பீங்கான் பிளேடு என்றாலே எல்லோரும் வெப்பத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நியாயம்தான். நிக்கல் கலவைகள் 1300 டிகிரியைத் தாண்டினால் உருக ஆரம்பிக்கும். அதனால் பிளேடுக்குள் துளை போட்டு, கம்ப்ரஸர் காற்றைக் கொஞ்சம் திருடி ஓட விடுகிறோம். சிலிக்கான் நைட்ரைடு என்ற பீங்கானுக்கு அவ்வளவு குளிர்ச்சி தேவையில்லை, எடையும் பாதிக்குக் கீழே. ஆனால் பெங்களூரில் ஸ்ட்ரெஸ் கணக்குப் போட்டே தலை நரைத்த எனக்கு, பயமெல்லாம் பிளேடை டிஸ்க்கில், அதாவது சுழலும் சக்கரத்தில், செருகும் அடிப்பாகத்தில்தான்.

உலோகம் என்றால் அழுத்தம் ஓரிடத்தில் கூடினாலும் லேசாக நெளிந்து சமாளித்துக்கொள்ளும். பீங்கானுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. டிஸ்க்கோடு உரசும் விளிம்பில் இழுவிசை ஏறும், அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் போச்சு. அதனால் இடையில் மெல்லிய உலோகத் தகடு வைக்கிறோம். அப்புறம் கிரைண்டிங். சாணைக் கோடுகள் இழுப்பு போகும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே விழுந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். பீன்யா தொழிற்பேட்டையில் வைரச் சக்கரத்தில் கடைந்து தரும் சேலத்து அண்ணனுக்காக டிராயிங்கிலேயே அம்புக்குறி போட்டுவிடுவேன். "பளபளன்னு இருந்தா போதாதாம்மா?" என்பார். போதாது.

புதிதாகச் சேர்ந்த தூத்துக்குடித் தம்பி கேட்டான்: "அக்கா, சேஃப்டி ஃபேக்டர் எவ்வளவு வைக்க?"

"அதை விடு. ஆயிரத்துல எத்தனை உடையும்னு கணக்குப் போடு."

உடையும் வாய்ப்பைச் சொல்லும் வைபுல் கணக்கு அப்படித்தான். பெரிய துண்டில் பெரிய குறை ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். வலிமை துண்டுக்குத் துண்டு எவ்வளவு மாறும் என்று காட்டும் வைபுல் எண் 10 என்றால், கன அளவு 8 மடங்கானதும் வலிமை சுமார் 19 சதவீதம் குறைந்துவிடும். ஒரே பொருள், ஒரே வடிவம்தான்! சின்ன மாதிரியை உடைத்துப் பார்த்து வந்த எண்ணை அப்படியே பிளேடுக்குப் போடக் கூடாது.

நீராவி வேறு. எரிந்து வரும் வாயுவில் இருக்கும் ஈரம், மேலே படியும் சிலிக்காவை வாயுவாக்கிக் கொண்டுபோய்விடும். அதற்கு யிட்டர்பியம் சிலிக்கேட் போன்ற பூச்சு தேவை.

2016-இல் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினில், சிலிக்கான் கார்பைடு இழை கோத்த பீங்கானை டர்பைன் பிளேடுகளைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குத்தான் பயன்படுத்தினார்கள். சுழலாத பாகம். என்னைக் கேட்டால் அதுதான் புத்திசாலித்தனம். கேன்டீனில் ஒருவர் அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்றார். அவர் எரிபொருள் எரியும் கம்பஸ்டர் பிரிவு, எதையும் சுழல விட்டதில்லை.