உபதேசியார் ஐயா கேட்ட கேள்வி

"இனி நான் எதற்கு, சிஸ்டர்?" என்று உபதேசியார் ஐயா கேட்டார். நான் சொன்ன பதில் சரிதானா என்று இன்னமும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்போம். நள்ளிரவில் அப்படித் திருப்பி, குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி காலுக்கடியில் தலையணை வைத்தபோதுதான் கேட்டார். நல்ல செயல்களைப் பற்றிய வேத வசனமான எபேசியர் 2:10ஐச் சொன்னேன்: "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு…" ஊர் ஊராகப் போய் அதைப் போதித்தவரிடமே சொன்னேன்.

"கை கால் விளங்காதவன் என்ன கிரியை செய்வேன், அம்மா?"

"ஜெபம் பண்ணுங்கள் ஐயா. எதிரே பதினான்காம் படுக்கையில் இருக்கிற தம்பிக்காகப் பண்ணுங்கள்."

மறுநாளிலிருந்து ஆளே மாறிவிட்டார். கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பியவர் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் வார்டுக்குள் நுழைந்ததுமே, "தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா?" என்பார்.

அந்தத் தம்பி பிழைக்கவில்லை. ரெக்சின் மெத்தையைத் துடைத்து வேறு விரிப்புப் போட்டதை ஐயா கண் எடுக்காமல் பார்த்திருந்தார். அன்றிரவு, "நான் ஊக்கமாக ஜெபிக்கவில்லையோ?" என்றார். அப்படியெல்லாம் இல்லை என்றேன். வெகுநேரம் கழித்து, "இப்போது யாருக்காக ஜெபிக்க வேண்டும்?" என்று கேட்டார்.

ஜெபமும் ஊழியம்தானே? எண்பத்துநாலு வயது விதவையான அன்னாள் தேவாலயத்தில் இரவும் பகலும் ஜெபித்ததை லூக்கா தன் சுவிசேஷத்தில் மதிப்போடுதான் எழுதிவைத்திருக்கிறார். ஐயாவைச் சாப்பிட வைத்ததும் அந்த ஜெபம்தான். ஆனால் நான் சொன்ன வசனத்துக்கு முந்தைய வசனம், இரட்சிப்பு "கிரியைகளினால் உண்டானதல்ல" என்கிறது. அதைச் சொல்லாமல், பயன்பட்டால்தான் மனிதன் என்று அவர் பயந்த இடத்திலேயே அவருக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டேனோ?

1647இல் எழுதப்பட்ட கிறிஸ்தவப் போதனை நூலான வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை, மனிதனுடைய பிரதான நோக்கம் தேவனை மகிமைப்படுத்துவதும் என்றென்றைக்கும் அவரில் மகிழ்ந்திருப்பதும் என்கிறது. அவரில் மகிழ்ந்திருக்கக் கையும் காலும் வேண்டாம். பெத்தானியாவில் மரியாள் இயேசுவின் பாதத்தருகே சும்மா உட்கார்ந்துதான் இருந்தாள். அவளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்றார் ஆண்டவர். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனாலும் கழுத்துக்குக் கீழே உணர்வே இல்லாதவரிடம் "மகிழ்ந்திருங்கள்" என்று சொல்ல அன்றிரவு எனக்கு நா எழுந்திருக்காது. ஒருவேளை, நான் எதுவும் சொல்லாமல் அவர் நெற்றியில் கையை வைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது பதிலை.

அண்மையில் பக்கவாதத்தில் விழுந்த ஓர் அம்மா அதே கேள்வியைக் கேட்டார்கள். ஆண்டவருக்கு நீங்கள் வேண்டும், அதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் முகம் வாடியது. "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கள் அம்மா" என்றேன். படுக்கை எண் எதையும் சொல்லவில்லை.