ஓடில்லா நத்தைகள்: கண்ணாடிக்கு அடியிலிருந்து பார்த்த மூன்று மாதம்

ஆனைமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் பாக்குத் தோப்பில் ஆனிச் சாரல் தொடங்கியதும், உதிர்ந்த பாளைகளுக்கும் வாழைமட்டைகளுக்கும் அடியிலிருந்து ஓடில்லா நத்தைகள் வெளிப்படும். அம்மாயிக்கு அவை எல்லாமே அட்டைதான். "உப்பைத் தூவி உடு கண்ணு" என்பதோடு அவருடைய ஆராய்ச்சி முடிந்துவிடும். இந்த ஆண்டு உப்பை ஒதுக்கிவிட்டு, இரவு எட்டரை மணிக்கு மேல் டார்ச்சும் பத்து மடங்கு லென்சும் நோட்டுமாக இறங்கினேன்.

முதல் இரண்டு வாரம் நிறத்தை நம்பி, கருப்பு, சாம்பல், காவி என்று மூன்று இனங்களாக எழுதி வைத்தேன். சாம்பல் என்று குறித்து டப்பாவில் வைத்திருந்த ஒன்று, தண்ணீர் தெளித்ததும் கருப்பாகத் தெரிந்தது. அந்தப் பக்கங்களை அன்றே அடித்துவிட்டேன்.

அதன்பின் பழைய ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றில் அவற்றை ஊரவிட்டு, கீழிருந்து பார்க்கத் தொடங்கினேன். பெரும்பாலானவற்றில், 7 செ.மீ. நீளமுள்ள உடலின் நடுவே ஏறக்குறைய 5 மி.மீ. அகலத்துக்கு ஒரு நாடா மட்டுமே அலையலையாக அசைந்தது. பாதம் அவ்வளவுதான், இருபுறமும் அகன்று கிடந்தது முதுகை முழுவதும் மூடிவந்த மேலுறையின் மடிப்பு. முதுகு தோல் செருப்பைப் போலச் சொரசொரப்பாக இருந்தது. அதன் நடுவில் வெளிறிய கோடு ஒன்று ஓடியது. இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பரவிய லேவிகாலிஸ் ஆல்ட்டே. தோட்டத்து ஓட்டு நத்தைகளைவிட, கடலோரப் பாறைகளிலும் அலையாத்திச் சேற்றிலும் வாழும் ஆன்கிடியம் என்னும் ஓடில்லா உயிரிக்கே இது நெருங்கிய உறவு என்பது, கடலையே எப்போதாவது பார்க்கும் எனக்கு வியப்பாக இருந்தது.

இரண்டாவது வகையைக் கண்டுகொள்ள ஆடி பாதி ஆகிவிட்டது. முதுகின் முன்பகுதியில் கேடயம் போன்ற மேலுறையும், வாலை நோக்கிக் கூரை முகடுபோல ஒடுங்கும் விளிம்பும் இதற்கு உண்டு. உண்மையான அடையாளம் மேலுறையின் வலது ஓரத்தில் திறந்து மூடும் மூச்சுத்துளை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துச் சற்றுக் காத்திருந்தால்தான் அது திறக்கும். பொறுமை இல்லாதவர் துளையே இல்லை என்று எழுதிவிடுவார், நானும் ஒருமுறை எழுதினேன். லேவிகாலிசுக்குப் பக்கவாட்டில் இந்தத் துளை கிடையாது, அது பின்முனையில் இருக்கிறது. இந்த இரண்டாவது வகை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரிய மரியெல்லா டுசுமியரி.

ஒன்றைப் பாதுகாத்து வைக்க நேரடியாகச் சாராயக் கரைசலில் போட்டது என் பெரிய தவறு: உணர்கொம்புகளை உள்ளிழுத்துக்கொண்டு அது உருண்டையாகச் சுருங்கியதால், அளக்க எதுவும் மிஞ்சவில்லை. காற்றில்லாமல் நீர் நிரப்பிய புட்டியில் ஓரிரவு மூடி வைத்து, உடல் தளர்ந்தபின் 70 விழுக்காட்டுக் கரைசலுக்கு மாற்ற வேண்டும். எலிகளிடமிருந்து வரும் நுரையீரல் புழுவை லேவிகாலிஸ் சுமக்கக்கூடும் என்பதால், கையுறை இல்லாமல் இப்போது எதையும் தொடுவதில்லை.

2 செ.மீ.க்கும் குறைவான குஞ்சுகளில் முதுகுக்கோடு மங்கலாக இருந்தாலும் பாதத்தின் குறுக்கம் ஏமாற்றுவதில்லை. ஆவணி முடிய எனக்குக் கிடைத்த மரியெல்லா ஏழே ஏழு. ஏழும் பள்ளத்துக்கு அக்கரையில், காட்டை ஒட்டிய வரப்பில் கிடைத்தவை.