தண்ணீரில் செழித்த நாற்று கோகோபீட்டில் வெளுத்த கதை

சேலத்தில் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில், மண்ணில்லாமல் சத்துத் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக் குழாய்க்குள் தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டால் வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று ஆகிவிடும். அதனால் தக்காளி, குடைமிளகாய், கத்தரி மூன்றையும் கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) பைகளுக்கு மாற்றினேன். மண் தொட்டி வைக்கலாம்தான், ஆனால் வீட்டுத் தளம் பழையது, அந்த எடையைத் தாங்காது.

பஞ்சில் முளைத்து, சத்துத் தண்ணீரில் நன்றாக வேர்விட்ட நாற்றுகள்தான். பைக்குப் போன கொஞ்ச நாளிலேயே தக்காளியின் இளம் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. குடைமிளகாயில் வேறு மாதிரி: புதுத் துளிர் சுருங்கி, ஓரம் கருகியது. கத்தரி வளரவும் இல்லை, வாடவும் இல்லை, அப்படியே நின்றது. அருகிலுள்ள நாற்றுப் பண்ணைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "உரம் பத்தலைங்க தம்பி, கொஞ்சம் கூட்டிக் குடுங்க" என்றார். பார்த்தவர்கள் எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள்.

கூட்டுவதற்கு முன்னால் பையிலிருந்து வடியும் தண்ணீரை அளந்து பார்த்தேன். வழக்கம்போல் சத்துத் தண்ணீர் விட்டு, அரைமணி நேரம் கழித்து ஒரு டம்ளர் வெறும் தண்ணீர் ஊற்றி, முதலில் வடிவதைப் பிடித்து மீட்டரில் வைக்க வேண்டும். ஈசி என்பது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், பிஹெச் அமில, காரத் தன்மையைக் காட்டும். நான் விட்ட சத்துத் தண்ணீர் ஈசி 1.0, பிஹெச் 6.0. வடிந்தது ஈசி 2.3, பிஹெச் 7.4. செடி பசியில் இல்லை, உப்பில் உட்கார்ந்திருக்கிறது. இந்த நேரத்தில் உரத்தைக் கூட்டினால் இருக்கிற வேரும் கருகிவிடும். கோகோபீட்டுக்கு மாறுகிறவர்கள் வேறு எது வாங்காவிட்டாலும் இந்த இரண்டு மீட்டரையும் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் ஒரு கோடை மழையில் பிடித்து வைத்த தண்ணீரில் அதே உரத்தைக் கலந்து பாதி நாற்றுகளுக்கு மட்டும் விட்டேன். மீதிப் பாதிக்கு வழக்கமான போர் தண்ணீர். மழைத்தண்ணீர் குடித்த தக்காளியில் புது இலை பச்சையாக வந்தது. குடைமிளகாயின் சுருட்டல் மட்டும் இரண்டு பக்கமும் மாறவில்லை. மஞ்சளுக்குக் காரணம் தண்ணீர், சுருட்டலுக்குக் காரணம் கோகோபீட் என்று அப்போது பிரிந்து தெரிந்தது.

தண்ணீர் விஷயம் எங்கள் பகுதிக்கே உரியது. வீடு மேக்னசைட் ஜங்ஷன் பக்கம். இங்கே நிலத்தடியில் வெள்ளக்கல், அதாவது மெக்னீசியம் கார்பனேட். சேர்வராயன் மலையடிவாரத்தில் சுரங்கம் வைத்து எடுத்த அதே கல்தான். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே போர் தண்ணீரின் கடினத்தன்மை புரியும். அதிலுள்ள பைகார்பனேட் பிஹெச்சை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். பிஹெச்சை இறக்க நான் போட்டுவந்தது எலுமிச்சை உப்பு. குழாயில் தினமும் சரிபார்ப்பதால் அது போதுமாக இருந்தது. கோகோபீட்டில் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடுவதால் பிஹெச் பழையபடி ஏறிவிடுகிறது. ஏறினால் உரத்திலுள்ள ஈடிடிஏ இரும்பு (ஈடிடிஏ என்ற சேர்மத்தோடு பிணைத்த இரும்புச் சத்து) செடிக்குக் கிடைக்காமல் போகும். நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் நிற்பது அதனால்தான். இப்போது பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறியிருக்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

கோகோபீட்டின் கதை வேறு. தென்னை நார்க்கழிவு இயல்பிலேயே பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிடித்து வைத்திருக்கும். நாம் கொடுக்கும் கால்சியத்தை அது தான் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அந்த உப்புகளை வெளியே விடும். துளிருக்குக் கால்சியம் போய்ச் சேராது. வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் மேலோட்டமான உப்புதான் போகும், உள்ளே ஒட்டியிருப்பதை வெளியேற்றக் கால்சியம்தான் வேண்டும். இப்போதெல்லாம் 5 கிலோ கட்டியை ஊறவைத்து அலசிய பிறகு, 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு இரவு போட்டு, மறுநாள் திரும்ப அலசுகிறேன். காபி நிறத்தில் வடிவது தெளிந்து, ஈசி குறைந்த பிறகுதான் பைக்குப் போகும்.

வெளிநாட்டு வீடியோக்களில் கோகோபீட் என்றாலே கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த டானிக் ஊற்றச் சொல்வார்கள். ஆர்ஓ தண்ணீருக்கு அது சரி. எங்கள் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது கால்சியத்தைவிட மெக்னீசியம்தான் அதிகம் இருந்தது. இதற்கு மேல் எப்சம் உப்பையும் (மெக்னீசியம் சல்பேட்) போட்டால், மெக்னீசியம் போட்டி போட்டு வேர் எடுக்கும் கொஞ்சம் கால்சியத்தையும் குறைத்துவிடும். அதனால் எங்கள் பக்கத்துக்காரர்கள் அந்த டானிக்குக்குப் பதில் வெறும் கால்சியம் நைட்ரேட் கொடுத்தால் போதும். மேட்டூர்த் தண்ணீர் வரும் தெருக்காரர்கள் அளந்து பார்த்து முடிவு செய்யட்டும்.

கத்தரி நின்றுபோனதற்கு வேர்தான் காரணம். தண்ணீரிலேயே நீண்ட வேரில் வேர்த்தூவி (தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய இழைகள்) குறைவு, மாற்றும்போது ஒடியவும் செய்யும். புதிய வேர் வரும்வரை செடி தாக்குப்பிடிக்க வேண்டும். அடுத்த தொகுப்பைப் பஞ்சுக்கு வெளியே வேர் எட்டிப் பார்த்ததுமே மாற்றினேன். பஞ்சு முழுவதும் மூடும்படி நட்டேன். மேலே தெரிந்தால் காற்றில் காய்ந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, ஈசி 0.8 அளவில் ஆரம்பித்து, கொஞ்சம் வடியும்வரை தண்ணீர் விட்டேன். கால் பங்கு பெர்லைட் (லேசான வெள்ளைக் கனிமத் துகள்) கலந்ததும் உதவியது.

இப்போது தக்காளி பூவெடுத்துவிட்டது. குடைமிளகாயில் பழைய சுருண்ட இலைகள் அப்படியேதான் இருக்கின்றன, அவை இனி விரியாது. மேலே வரும் துளிர் அகலமாக வருகிறது. வடியும் தண்ணீர் ஈசி 1.4, பிஹெச் 6.3. கத்தரியின் முதல் தொகுப்பில் பாதியைப் பிடுங்கிவிட்டு புது நாற்று வைத்திருக்கிறேன். ஆடி பிறந்ததும் இதே பைகளில் வெள்ளரி போட்டுப் பார்க்க வேண்டும்.