கை குறுக்க வந்தும் லிங்க் ஏன் அறுந்து போகல?

ரெண்டு பழைய போனை மேஜை மேல எதிரும் புதிருமா வச்சு இன்ஃப்ராரெட்ல போட்டோ அனுப்புவோம்ல, அப்ப நடுவுல கைய குறுக்க நீட்டி பாத்திருக்கேன். ஓடிட்டு இருந்தது அப்படியே நிக்கும், கைய எடுத்ததும் விட்ட இடத்துல இருந்து மறுபடி கிளம்பும். இது எப்படின்னு ரொம்ப நாளா மண்டைய குடைஞ்சுட்டே இருந்துச்சு. ஐஆர்லாப் பத்தி படிச்ச அப்புறம்தான் புரிஞ்சுது. இன்ஃப்ராரெட்ல டேட்டா அனுப்புறதுக்கு விதிமுறை போட 1993ல ஆரம்பிச்ச ஐஆர்டிஏ அமைப்போட டேட்டா லிங்க் புரோட்டோகால் அது, அதாவது ரெண்டு கருவிக்கு நடுவுல இருக்குற இணைப்பை நடத்துற விதிமுறை. ஹெச்டிஎல்சிங்குற பழைய லிங்க் புரோட்டோகால்ல இருந்து வந்தது.

இதுல எல்லாமே ஒரே ஒரு பிரச்சினைல இருந்து கிளம்புது. நம்ம எல்இடி எரியும்போது அந்த வெளிச்சம் நம்ம ரிசீவர் மேலயே அடிச்சு அதோட கண்ணு கூசிப் போயிடும், அதனால பேசிக்கிட்டே கேக்க முடியாது, ஒருத்தர் பேசி முடிச்சு மத்தவங்க பேசணும், கூச்சம் தெளிய நடுவுல கொஞ்சம் மில்லிசெகண்ட் வேற விடணும். லிங்க்கை நடத்துற பக்கத்துக்கு பிரைமரின்னு பேரு, மத்தது செகண்டரி. யாரு எப்ப பேசணும்னு பிரைமரி முடிவு பண்ணும். அது ஃபிரேமுல, அதாவது அனுப்புற டேட்டா பொட்டலத்துல, ஒரு பிட்டை 1னு வச்சு அனுப்புனா "இப்ப நீ பேசு"ன்னு அர்த்தம். செகண்டரி பேசி முடிச்சதும் அதே பிட்டை வச்சு வாய்ப்பை திருப்பிக் குடுக்கும். ஒரே தடவைல அதிகபட்சம் அரை செகண்ட்தான் பிடிச்சு வச்சுக்கலாம்.

ஆரம்பத்துல இணைப்பு தேடுற போன் அரை செகண்ட் சும்மா காது குடுத்து, வேற யாரும் பேசலன்னு பாத்துட்டு, செகண்டுக்கு 9600 பிட் வேகத்துல "யாராச்சும் இருக்கீங்களா"ன்னு ஸ்லாட் ஸ்லாட்டா, அதாவது சின்னச் சின்ன நேரத் துண்டா, கேக்கும். எதிர்ல இருக்குறவங்க ஏதோ ஒரு ஸ்லாட்டை குத்துமதிப்பா எடுத்து அதுல பதில் சொல்லுவாங்க. அட்ரஸ் கூட அப்பவே குலுக்கல்ல எடுக்குற 32 பிட் நம்பர்தான். அப்புறம் வேகம், ஃபிரேம் சைஸ் எல்லாம் ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற மாதிரி பேசி முடிச்சுக்குவாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் நம்பர் போடுறது. ஃபிரேமுக்கு 3 பிட்ல 0ல இருந்து 7 வரைக்கும் நம்பர், மொத்தம் எட்டு, ஆனா பதில் வராம அனுப்பக்கூடியது ஏழுதான். ஏன்? எட்டும் அனுப்பிட்டோம்னு வைங்க, எதிர்ல இருந்து "அடுத்து 0 வேணும்"னு வருது. எட்டும் கெடச்சு அடுத்த சுத்து 0வ கேக்குதா, இல்ல ஒண்ணுமே கெடைக்காம பழைய 0வயே கேக்குதா? கண்டுபிடிக்கவே முடியாது! ஏழோட நிறுத்துனா அந்த குழப்பமே வராது. நடுவுல 3ம் நம்பர் சிஆர்சி (டேட்டா கெட்டுப் போச்சான்னு பாக்குற கணக்கு) தப்பாகி விழுந்தா "அடுத்து 3 வேணும்"னு வரும், அங்க இருந்து திரும்ப அனுப்பணும்.

டிவி ரிமோட்ல இது எதுவும் கெடையாது, அது பாட்டுக்கு பல்ஸ் அடிச்சுட்டு போயிடும், சேந்துச்சான்னு அதுக்கு தெரியவே தெரியாது.

இப்ப கை விஷயத்துக்கு வரேன். கை மறைச்சதும் பிரைமரிக்கு பதில் வராது, டைமர் முடிஞ்சதும் மறுபடி கூப்பிடும், மறுபடியும் கூப்பிடும். 3 செகண்ட் ஆச்சுன்னா மேல இருக்குற சாஃப்ட்வேர் லேயர்கிட்ட "வழி அடைச்சிருக்கு"ன்னு சொல்லும், ஆனா லிங்க்கை விடாது. எத்தனை செகண்ட் பொறுக்கணும்னு முதல்லயே பேசி வச்சிருப்பாங்க, 40 வரைக்கும் போகலாம். அதுக்குள்ள கைய எடுத்துட்டா, நம்பர் ரெண்டு பக்கமும் அப்படியே இருக்குறதால அடுத்த ஃபிரேம் கிளம்பிடும். இல்லன்னா ரெண்டு பேரும் தனித்தனியா லிங்க்கை மூடிட்டு மறுபடி 9600க்கே வந்து நிப்பாங்க.