உலைக்குப் பின் நொறுங்கும் ரிப்பன்

சேதராப்பட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கோர் செய்யும் ஒரு பட்டறையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். எங்களுக்கு வரும் அமார்ஃபஸ் ரிப்பன் இரும்பு, சிலிக்கான், போரான் கலந்த உலோகக் கண்ணாடி, அதாவது அணுக்கள் படிகமாக வரிசைப்படாத உலோகம். கனம் ஏறத்தாழ 25 மைக்ரான். வந்த நிலையில் இரண்டாக மடித்தாலும் உடையாது, வெட்டுகிற பிளேடுதான் மழுங்கும். உலையில் சூடாக்கிப் பதப்படுத்தும் அனீலிங் முடிந்து வந்தால் அதுவே அப்பளமாக நொறுங்குகிறது.

புதிதாகச் சேரும் பையன்கள் தவறாமல் கேட்பார்கள்: "அண்ணே, உள்ள போறப்ப நல்லாத்தானே இருந்துச்சு?" எக்ஸ்ரே சிதறல் வரைபடம் எடுத்துப் பார்த்தாலும் முன்னும் பின்னும் ஒரே மாதிரி அகன்ற மேடுதான் தெரியும், படிகம் எதுவும் உருவாகியிருக்காது. மாற்றம் அதைவிட நுட்பமானது.

உருகிய கலவையை நொடிக்கு பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிரவைத்தால் அணுக்களுக்கு வரிசையில் நிற்க நேரமில்லை. 1960-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் தங்க-சிலிக்கான் கலவையில் முதலில் சாதித்தது இதைத்தான். அவசரத்தில் உறைந்ததால் அணுக்களுக்கிடையே அங்கங்கே கொஞ்சம் தளர்வு மிஞ்சும். வளைக்கும்போது அந்தத் தளர்ந்த இடங்களில் சில பத்து அணுக்கள் கூட்டமாக இடம் மாறும். அவை கோத்துக்கொண்டு, 10 முதல் 20 நானோமீட்டர் கனத்தில் ஒரு சறுக்குப் பட்டை உருவாகும். இப்படிப் பல பட்டைகள் சுமையைப் பங்கிட்டுக்கொண்டால் ரிப்பன் வளையும். உலையின் சூட்டில் அணுக்கள் நெருங்கி அமர்ந்துவிடுகின்றன. அடர்த்தி ஒரு சதவீதம்கூட ஏறாது, ஆனாலும் நகர இடம் போய்விடுகிறது. அப்புறம் வளைவதற்குப் பதில் விரிசல்தான் ஓடும்.

அனீலிங்கைத் தவிர்க்கவும் முடியாது. ரிப்பனுக்குள் தங்கிய இறுக்கம் (உள்தகைவு) நீங்கினால்தான் காந்த இழப்பு, அதாவது கோரில் வெப்பமாக வீணாகும் ஆற்றல், குறையும். இந்த வகை கோருக்கு இருக்கும் மதிப்பே அதில்தான்.

நானோ துகள்களை அழுத்திச் சேர்த்து, தளர்வான எல்லைகளை வேண்டுமென்றே உள்ளே வைக்கும் 'நானோ கண்ணாடி' யோசனையை ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்பர்ட் கிளைட்டர் முன்வைத்தார். ஸ்காண்டியம்-இரும்புக் கலவையில் செய்த அத்தகைய கண்ணாடி, உடையாமல் நன்றாகவே உருமாறியது. படிக்கும்போது உற்சாகமாக இருக்கிறது. ஆனால் டன் கணக்கில் ரிப்பன் ஓடும் எங்கள் தொழிலுக்கு அது இன்னும் தூரம்.

சரி, கையில் இருப்பது உலையின் வெப்பநிலையும் நேரமும். கூடுதலாகச் சூடேறினால் நானோ படிகங்கள் முளைத்து, இழப்பும் கூடும், நொறுங்குவதும் கூடும். அதனால் ஒவ்வொரு பேட்ச்சோடும் துண்டு ரிப்பன்களை உலைக்குள் அனுப்பி, வந்ததும் வளைத்துப் பார்க்கிறோம். வளைப்பது அந்தப் பையன்கள்தான். எந்த வளைவு ஆரத்தில் உடைந்தது என்று அவர்களே குறித்து வைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் எண்ணெயில் ஒரு சில்லு விழுந்தால் என்ன ஆகும் என்று இப்போது அவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.